84 மஞ்சாடி

"அக்கா, இங்க உக்காந்து எம்எல் விளையாடலாமா, வைஃபை இருக்கா?"ன்னு அந்தப் பையன் வந்து கேட்டப்போ மணி பத்துகூட ஆகல. எம்எல்னா மொபைல் லெஜண்ட்ஸ், கைப்பேசியில டீம் டீமா ஆடுற ஆட்டம். மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல, கோயில் மண்டபத்துக்குப் பின்னால ஒரு சின்ன வாசிப்பறை, ரெண்டு காத்தாடி, நாலு அலமாரி, வாசல்ல செருப்பு. மேசையில உக்காந்திருந்தது என் மாணவி, நூலகத் துறையில மாஸ்டர்ஸ் படிக்கிறவ, நல்ல மனசுள்ள பொண்ணு. சிரிச்ச முகமாத்தான் சொன்னா, "விளையாடலாம் தம்பி, ஆனா முதல்ல ஒரு புத்தகம் எடுத்து அரை மணி நேரம் படிக்கணும், அப்புறம் வைஃபை நம்பர் தாரேன்". பையன் அவளப் பார்த்தான், அலமாரியப் பார்த்தான், "பரவால்லக்கா"ன்னு சொல்லிட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான்.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் ஒன்னும் சொல்லல. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அதப் பத்தி நான் வாயே திறக்கல, ஏன்னா அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் வருசா வருசம் பிள்ளைங்கள வேன்ல ஏத்திக்கிட்டு இந்த ஊருக்கு வாரேன், அது ஏன் தப்புன்னு நான் சொல்லிக் கொடுத்தா நோட்டுல எழுதிக்குவாங்க, அவங்களா கண்டுபிடிச்சா முப்பது வருசத்துக்கு மறக்கமாட்டாங்க.

நான் பொறந்தது இந்த ஊருக்கு வெளியில இருந்த ஒரு தோட்டத்துல. அப்பா பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினவரு, அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. இப்ப நான் கோலாலம்பூர்ல ஒரு நூலகத்துல வேலை பார்க்கிறேன், வார இறுதியில நூலகத் துறை மாணவருக்குப் பாடம் எடுக்கிறேன். சிறுவர் சேவைன்னு ஒரு பாடம், அதுக்குள்ள மூணு வாரம் மட்டும் விளையாட்டுக்குன்னு கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்குறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு, "நூலகக்காரங்களுக்கு எதுக்கு கேம்ஸ்"ன்னு ஒரு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு, அந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவைக்கல, ஏன்னா அது நியாயமான கேள்விதான், பதில்தான் நீளம்.

ஏன் சுங்கை சிப்புட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்னா, பெரிய ஊர் நூலகத்துல பிள்ளைங்க மெஷினத்தான் பார்ப்பாங்க. இங்க பார்க்க வேண்டியது ஆளுங்கள. தோட்டத்துல நாங்க இருந்தப்போ லயத்துக்கு, தொழிலாளிங்க இருந்த வரிசை வீட்டுக்கு, முன்னால ஒரு பாடாங் இருந்துச்சு, பந்து அடிக்க, சடுகுடு விளையாட, தைப்பூசத்துக்குப் பந்தல் போட, எல்லாத்துக்கும் அதே திடல்தான். அப்புறம் கித்தாவ, அந்த ரப்பர் மரத்த, வெட்டிட்டு செம்பனை நட்டாங்க, பல தோட்டத்தத் துண்டு துண்டா வித்தாங்க, சனங்க டவுனுக்கு வந்து மலிவு விலை வீட்டுலயும் ஃப்ளாட்டுலயும் குடியேறினாங்க. போறப்போ சாமியக் கொண்டு வந்தாங்க, கோயில் கட்டினாங்க. பள்ளிக்கூடமும் சில இடத்துல பின்னாலயே வந்துச்சு. பாடாங் மட்டும் வரல. இப்ப இங்க ஒரு பையன் கைப்பேசியில விளையாடுறான்னா அவனுக்கு வேற எடம் இல்லன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், அவனோட திடல் அந்த ஆறு இஞ்ச் கண்ணாடி.

என் பள்ளிக்கூடத்து வள மையத்துல ஒரு கேரம் போர்டு இருந்துச்சு. நான் அஞ்சாம் வகுப்புல நூலகப் பொறுப்பு மாணவி, சாவி என் கையில. கேரம் போர்டு அலமாரிக்கு மேல துணி சுத்தி வச்சிருக்கும், மேலிடத்துல இருந்து பார்வையிட ஆள் வந்தா மட்டும் எறக்கி, பவுடர் போட்டு, நாலு பேர உக்கார வச்சு போட்டோ எடுத்துட்டு, அவங்க கார் கேட்டத் தாண்டினதும் திரும்ப மேல. ஒரு நாள் மழை, திடலுக்குப் போக முடியாம எல்லாரும் உள்ள உக்காந்திருந்தோம், ஒரு பையன் "போர்ட எறக்கலாமா"ன்னு கேட்டான், நான் "கூடாது, டீச்சர் ஏசுவாங்க"ன்னு சொன்னேன். பத்து வயசுல ஒரு நூலகக்காரியா நான் சொன்ன முதல் பதில் அது. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பையன் முகம் ஞாபகத்துல இருக்கு.

வகுப்புல நான் முதல்ல எடுக்கிறது எஸ். ஆர். ரங்கநாதன். நூலகம் படிக்கிற எல்லாரும் அவரோட ஐந்து விதிய மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வருவாங்க, 1931ல வந்தது: நூல்கள் பயன்படுத்தறதுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவரோட நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதோட வாசகர், வாசகரோட நேரத்தக் காப்பாத்து, நூலகம் வளர்ற ஓர் உயிர். சீர்காழிக்காரரு, 1892ல பொறந்தவரு, கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனவரு. இது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியாதது, அவரு லண்டனுக்குப் படிக்கப் போனப்போ ஒரு பெரிய கடையில மெக்கானோன்னு ஒரு விளையாட்டுச் சாமான் பார்த்தாரு, துளை போட்ட இரும்புப் பட்டை, திருகாணி, சக்கரம், அதே துண்டுங்கள மாத்தி மாத்திப் பூட்டி ஒரு தடவ பாலம், ஒரு தடவ கிரேன், ஒரு தடவ வண்டி. புத்தகத்தோட பொருளையும் இப்படித் துண்டு துண்டா வச்சுக்கிட்டு தேவைக்குத் தகுந்த மாதிரி பூட்டலாமேன்னு அங்கதான் அவருக்குத் தோணுச்சு, அதுதான் 1933ல, நூல்களப் பொருள்வாரியா வகைப்படுத்துற கோலன் பகுப்பு முறையா வந்துச்சு. உலகத்துல நூலகம் படிக்கிற எந்தப் பிள்ளையும் படிச்சே ஆகவேண்டிய ஒரு விசயம், பிள்ளைங்க விளையாடுற சாமான்ல இருந்து வந்திருக்கு. இத ஒரு தமிழன் கண்டுபிடிச்சாருன்னு பெருமைப்படுற நேரத்துல, அத அவரு எங்க கண்டுபிடிச்சாருங்கறதயும் சேர்த்துச் சொல்லணும்.

அப்புறம் அந்த ஐந்து விதியில நூல்ங்கற சொல்ல எடுத்துட்டு விளையாட்டுன்னு போடச் சொல்லுவேன். விளையாட்டு பயன்படுத்தறதுக்கே. அவ்வளவுதான், அலமாரி மேல துணி சுத்தி வச்ச கேரம் போர்டு செத்த கேரம் போர்டு. ஒவ்வொருத்தருக்கும் அவரோட விளையாட்டு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதோட ஆள். இதுல எங்கயும் 'விளையாட்டக் காட்டி வாசகரப் புத்தகத்துக்கு இழுக்கணும்'னு இல்ல பாருங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் நினைக்கிறது விளையாட்டு ஒரு தூண்டில் புழு, மீனு புத்தகம் படிக்கிற பிள்ளை. நான் இத ஒத்துக்கிறதே இல்ல. புழுவுக்கு மரியாதை கிடையாது, எது கிடைச்சாலும் கோத்து விடுவோம். தூண்டிலப் போட்டவன் கண்ணு முழுக்க மெதவை மேல இருக்கும், பக்கத்துல உக்காந்திருக்கிறவனப் பார்க்கமாட்டான். பிள்ளைங்களுக்குத் தூண்டில் வாசம் நல்லாத் தெரியும். காலையில அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச மாதிரி.

நூலகத்துல விளையாட்டுங்கறது ஏதோ நேத்து வந்த ஃபேஷன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு விசயம் சொல்லுவேன். சான் ஃபிரான்சிஸ்கோவுல மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்னு ஒரு நூலகம், அங்க 1854ல இருந்து சதுரங்க மன்றம் நடக்குது, தொழிலாளிங்க வேலை முடிஞ்சு வந்து புத்தகமும் எடுப்பாங்க, காயும் நகர்த்துவாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1935ல, பொருளாதாரம் படுத்துக் கெடந்த காலத்துல, பிள்ளைங்களுக்கு விளையாட்டுச் சாமான் இரவல் கொடுக்கிற ஏற்பாடு ஒன்னு ஆரம்பிச்சாங்க, புத்தகம் மாதிரியே எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து கொடுக்கணும். அதே சமயத்துல நம்ம பக்கம், 1931ல, மன்னார்குடியில மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி கிராமம் கிராமமாப் போனாங்க. பசிக்கிற காலத்துலதான் இதையெல்லாம் செஞ்சிருக்காங்கங்கறத நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், ஏன்னா எங்க போனாலும் முதல் பதில் "பட்ஜெட் இல்ல"தான். 2008ல அமெரிக்க நூலகச் சங்கம் நவம்பர் மாசத்துல ஒரு விளையாட்டு நாள் வச்சாங்க, அப்புறம் அது பல நாட்டுக்குப் பரவி அனைத்துலக நாளாச்சு, பின்னால ஒரு வாரமாவே ஆச்சு. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு சனிக்கிழமை இருந்தா எந்த ஊர்லயும் செய்யலாம்.

சரி, அன்னிக்கு நடந்ததுக்கு வாரேன்.

பசியாறிட்டு வந்ததும் பாட்டி வந்தாங்க. பாட்டிக்கு எம்பது தாண்டிடுச்சு, பக்கத்துத் தோட்டத்துல ஆயாக் கொட்டகையில வேலை செஞ்சவங்க. ஆயாக் கொட்டகை தெரியாதவங்களுக்கு, விடியக்காலையில பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, போறதுக்கு முன்னால அம்மாக்காரிங்க கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம், நாப்பது அம்பது பிள்ளைங்க, ரெண்டு ஆயா. பாட்டி கையில ஒரு பல்லாங்குழிப் பலகை, தோட்டத்துத் தச்சர் கித்தா மரத்துல குடைஞ்சு கொடுத்தது, ரெண்டு பக்கமும் ஏழு ஏழு குழி. ஒரு பழைய மைலோ டின்னுல மஞ்சாடி, மலாய்க்காரங்க சாகான்னு சொல்லுவாங்களே அந்தச் செவப்பு விதைதான். குழிக்கு ஆறு, மொத்தம் 84. பலகை வர்றதுக்கு முன்னால கொட்டகை வாசல் மண்ணுலயே குழி தோண்டி விளையாட்டு காட்டினதா சொன்னாங்க.

பாட்டிக்கு எதிர்ல உக்காந்தது கெடாவுல இருந்து வந்த ஒரு மலாய் மாணவி, சின்ன வயசுல இருந்து சோங்காக் ஆடினவ, ரொம்ப தைரியமா உக்காந்தா. சோங்காக்கும் பார்க்க இதே மாதிரிதான், ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு விதை, ஆனா ரெண்டு ஓரத்துலயும் 'ரூமா'ன்னு ஒரு பெரிய குழி இருக்கும், சேர்த்தது எல்லாம் அங்க போகும். அவ முதல் கை எடுத்துப் போட்டுக்கிட்டே போனா, கடைசி விதை விழுந்த குழியில ஏற்கனவே விதை இருந்துச்சு, அவங்க ஆட்டத்துல அதே குழிய அள்ளித் தொடரணும், அள்ளப் போனா. பாட்டி அவ கையில லேசா ஒரு தட்டு. "புக்கான் இனி. செபெலா." இது இல்ல, பக்கத்துக் குழி. எங்க ஆட்டத்துல அடுத்த குழியத்தான் அள்ளணும், அடுத்தது காலியா இருந்தா அதத் தடவிட்டு அதுக்கும் அடுத்த குழியில இருக்கிறது உனக்கு. அந்தப் பொண்ணு ஒரு நிமிசம் அப்படியே பலகையப் பார்த்தா. அப்புறம் பாட்டி ஒரு குழியில நாலு சேர்ந்த ஒடனே "பசு!"ன்னு சொல்லி அள்ளினாங்க, இவ "ஏன் நேனேக், இன்னும் உங்க முறை வரலையே"ன்னு கேட்க, என் குழியில நாலு சேர்ந்தா அது பசு, பசு எனக்கு, முறையெல்லாம் கிடையாதுன்னு பாட்டி தோட்டத்து மலாயில வெளக்க, சுத்தி நின்ன பதினோரு பேரும் குனிஞ்சு குனிஞ்சு பார்க்க, நாப்பது நிமிசம் எப்படிப் போச்சுன்னே தெரியல.

ரெண்டாவது ஆட்டத்துல அந்தப் பொண்ணுகிட்ட ஏழு குழிய ரொப்ப விதை இல்ல. ரொப்ப முடியாத குழிய மூடி வச்சிடுவோம், ஆட்டம் சின்னப் பலகையில நடக்கும். இன்னும் கொஞ்சம் தோத்து, கையில அஞ்சாறுதான் மிச்சம்னு ஆனப்போ பாட்டி தன் குழியிலயும் ஒன்னு ஒன்னா மட்டும் போட்டாங்க. "இதுக்குப் பேரு கஞ்சி காச்சுறது. அவகிட்ட இல்லன்னா நானும் கஞ்சிதான்." அத நான் மலாயில மொழிபெயர்த்துச் சொன்னப்போ அந்தப் பொண்ணு நோட்டு எடுத்து எழுத ஆரம்பிச்சா.

மத்தியானம் பட்டியல் பண்ற பயிற்சி. நூலகத்துல பொருளுக்குப் பொருள் எண் போடுற ட்யூயி முறையில உள்ளரங்க விளையாட்டு 793ல ஆரம்பிக்கும், திறமைக்குள்ள ஆட்டம் 794, அதுல சதுரங்கம் 794.1, வீடியோ கேம் 794.8, அதிர்ஷ்டத்துக்குள்ளது 795. தாயத்த எங்க வைக்கிறதுன்னு ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு, கட்டை உருட்டுறதனால 795ன்னு ஒருத்தன், காய எப்ப நகர்த்துறதுங்கறது புத்திதானே அப்ப 794ன்னு இன்னொருத்தி. இந்தச் சண்டைய நான் தீர்த்து வைக்கமாட்டேன். ஆனா பல்லாங்குழிக்கு எண் போட்டதும் அந்தக் கெடாப் பொண்ணு கேட்டா, "புவான், விதிமுறை தாள் எத வைக்கிறது, என்னோடதா பாட்டியோடதா, எது சரி?"

இதுதான் நான் காத்துக்கிட்டு இருந்த கேள்வி. புத்தகத்துக்குள்ள என்ன இருக்குன்னு புத்தகமே சொல்லும். பலகைக்குள்ள ஆட்டம் இல்ல. பதினாலு குழியும் ஒரு டின் விதையும் இருந்தா அது வெறும் சாமான், ஆட்டம் பாட்டி கையில இருக்கு. அதனால சரி தப்புன்னு எழுதாதீங்க, யாரு சொன்னாங்க, எந்தத் தோட்டத்துல ஆடினது, எந்த வருசம் கேட்டு எழுதினதுன்னு எழுதுங்கன்னு சொன்னேன். ரெண்டு தாள் வைங்க, மூணாவது ஒருத்தர் வந்து எங்க வீட்டுல இப்படி இல்லன்னா மூணாவது தாள். எங்க அஞ்சாங்கல்லத்தான் இந்த நாட்டுல பாத்து செரம்பான்னு சொல்றாங்க, அதுக்கும் ஊருக்கு ஒரு வகை. ஆடு புலி ஆட்டத்துக்கு மூணு புலி பதினஞ்சு ஆடு, கரித்துண்டுல தரையில கோடு கிழிச்சாப் போதும், ஆனா அந்தக் கோட்டப் போடத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல எத்தனை பேருன்னு போய்க் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன், ரெண்டு மணி நேரம் சுத்திட்டு மூணு பேரோட பேர் கொண்டு வந்தாங்க, அதுல ரெண்டு பேர் எழுவது வயசுக்கு மேல.

கணினி விளையாட்டுன்னா அழியாதுன்னு பிள்ளைங்க நினைக்கிறாங்க. 2023ல வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளைன்னு அமெரிக்காவுல ஓர் அமைப்பு ஆராய்ஞ்சு சொன்னது, அந்த நாட்டுல வெளிவந்த பழைய விளையாட்டுல 87 விழுக்காடு இப்ப கடையில வாங்கவே முடியாது. எல்லாரும் சேர்ந்து ஆன்லைன்ல ஆடுறதா இருந்தா இன்னும் மோசம், கம்பெனி சர்வர நிறுத்தினா மறுநாள் காலையில ஒன்னுமே இருக்காது, பலகைகூட மிஞ்சாது. பாட்டி போனா கஞ்சி காச்சுறது போயிடும், சர்வர் போனா அந்தப் பையன் மூணு வருசமா வளர்த்தது போயிடும். ரெண்டையும் ஒரே கவலையோட பார்க்கத் தெரிஞ்சவதான் எனக்கு வேணும்.

சாமான்களப் பத்தின வேலைய வேகமா சொல்லிடுறேன். மூடிக்கு உள்பக்கம் எல்லாத் துண்டையும் பரப்பி எடுத்த போட்டோ ஒட்டணும், எண்ணிக்கை எழுதணும், சின்னத் துண்ட ஜிப் பையில போடணும், திரும்பி வர்றப்போ வாங்கின ஆள் முன்னாலயே எண்ணணும், கொறஞ்சா அபராதம் போடாம மாத்து தேடணும். வாங்குறப்போ எழுத்து கம்மியா உள்ளதா பார்க்கணும், நம்ம ஊர்ல ஒரே மேசையில தமிழ், மலாய், சீனம் மூணும் உக்காரும், சீட்டுல பத்தி பத்தியா இங்கிலீஷ் இருந்தா யாரோ ஒருத்தர் வெளிய உக்காந்திருப்பாரு.

இதுல கஷ்டமான பாடம் பணம். போன வருசம் ஓர் அப்பா, லோரி ஓட்டுறவரு, வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னாரு, "மகன் டைமண்ட் வாங்குறேன்னு முன்னூறு வெள்ளி போச்சும்மா, நீங்க இங்க விளையாட விடுறீங்களாமே". டைமண்ட்ங்கறது ஆட்டத்துக்குள்ள செலவு பண்றதுக்கு நெசக் காசு கொடுத்து வாங்குறது. அவரு கோபம் நியாயம். நம்ம சனத்துக்கு இது புது வலி இல்ல, நாலு நம்பர் லாட்டரியில போன சம்பளத்த நாமளே வீட்டுல பார்த்து வளர்ந்திருக்கோம். சில ஆட்டத்துல விக்கிற பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம காசு கொடுத்துத் திறக்கிற முறை சூதாட்டம்தான்னு பெல்ஜியம் நாடு 2018லயே சொல்லிடுச்சு. நூலகத்துல இருக்கிறவ இத அந்த அப்பாகிட்ட வெளக்கத் தெரிஞ்சிருக்கணும், கைப்பேசியில வாங்குறத எப்படிப் பூட்டுறதுன்னு அங்கயே உக்காந்து செஞ்சு காட்டணும். அதே மாதிரி 'கேம் அடிமை'ங்கற சொல்ல சும்மா வீசக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது, விளையாட்டுக் கோளாறுன்னு ஒன்னு இருக்கு, உண்மைதான், ஆனா அதுக்கு அளவு வச்சிருக்காங்க, கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தயும்விட விளையாட்டே பெருசாகணும், கெடுதல் தெரிஞ்சும் நிறுத்த முடியாம இருக்கணும், பொதுவா ஒரு வருசமாவது நீடிக்கணும். பரீட்சை முடிஞ்ச லீவுல ரெண்டு மணி நேரம் ஆடுற பிள்ளைக்கு அந்தப் பேர வைக்காதீங்க. நெசமாவே தவிக்கிற பிள்ளைய அப்பத்தான் அடையாளம் காண முடியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பையன் திரும்ப வந்தான். கூட ரெண்டு கூட்டாளி. வாசல்லயே நின்னானுங்க, வைஃபைக்கு வந்தவங்க இல்ல, பாட்டி வந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டு வந்திருக்காங்க, பாட்டி அவனோட அப்பாவக் கொட்டகையில வளர்த்தவங்களாம். காலையில அவன அனுப்பின மாணவி எந்திரிச்சுப் போனா. நான் தூரத்துல இருந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"தம்பி, காலையில நான் அப்படி சொல்லியிருக்கக்கூடாது. நீ என்ன ஆடுவ, எனக்குக் காட்டுறியா?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "டேங்க் அக்கா."

"டேங்க்னா?"

அவன் உக்காந்து வெளக்கினான். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர், மூணு பாதை, ஆளுக்கு ஒரு வேலை, டேங்க் முன்னால போய் அடி வாங்கணும், பின்னால இருக்கிறவங்க அடிப்பாங்க, பேரு அவங்களுக்குத்தான் வரும். "யாரும் எடுக்கமாட்டாங்க அக்கா, அதான் நான் எடுக்கிறேன்." இவ அடுத்து என்ன சொல்லப்போறான்னு எனக்குத் திக்குன்னு இருந்துச்சு, ஏன்னா எங்க தொழில்ல இந்த எடத்துல வாய் தானா திறக்கும், 'அப்படின்னா உனக்கு இந்தப் புத்தகம் புடிக்கும்'னு. அவ சொல்லல. "ஏன் யாரும் எடுக்கமாட்டாங்க?"ன்னு மட்டும் கேட்டா. அவன் இருவது நிமிசம் பேசினான். பள்ளிக்கூடத்துல யாரு அவனுக்கு டீம், வீட்டுல தங்கச்சியப் பார்த்துக்கிட்டே ஆடுறது, 2019ல கோலாலம்பூர்ல நடந்த முதல் உலகப் போட்டிய இப்ப யூடியூப்ல தேடித் தேடிப் பார்க்கிறது, எல்லாம். காலையில ஒரு நிபந்தனைக்குப் பதிலா இந்தக் கேள்வி வந்திருந்தா காலையிலேயே இவ்வளவும் வந்திருக்கும்.

அவ ஒரு ஆட்டம் அவன் கைப்பேசியில ஆடிப் பார்த்தா. திரும்பத் திரும்பச் செத்தா, அவன் பக்கத்துல நின்னு "பின்னால வாங்கக்கா, பின்னால"ன்னு கத்துறான். நடுவுல நான் "மணி அஞ்சு, அறைய மூடணும்"னு சொன்னேன், வேணும்னேதான் சொன்னேன். அவ தலைய நிமிர்த்தாமலேயே "மேடம், நடுவுல விட முடியாது, நான் போனா மத்த நாலு பேரும் தோத்துருவாங்க"ன்னா. சொல்லி முடிச்சதும் அவளே புரிஞ்சுக்கிட்டு என்னப் பார்த்தா. பிள்ளைங்க ஆடுற எடத்துல மூடுறதுக்கு இருவது நிமிசத்துக்கு முன்னால சொல்லணும், புது ஆட்டம் தொடங்காதீங்கன்னு. வாசகரோட நேரத்தக் காப்பாத்துங்கற விதி இந்த அறையில அப்படித்தான் இருக்கும். அவ அத அட்டையில எழுதிக் கதவுல ஒட்டிட்டா, இப்பவும் இருக்கு.

மூடுறப்போ பாட்டி மஞ்சாடிய எண்ணச் சொன்னாங்க. கெடாப் பொண்ணு பாய்ல உக்காந்து ஆறு ஆறா அடுக்கினா. 83. திரும்ப எண்ணினா, 83தான். எல்லாரும் தரையில மண்டி போட்டாச்சு, பாய உதறி, அலமாரிக்கு அடியில கைப்பேசி லைட்ட அடிச்சு, வேன் டிரைவர் அங்கிள் வரைக்கும் உள்ள வந்து தேடினாரு. பாட்டி மட்டும் நாற்காலியில உக்காந்து ஒன்னும் பேசாம பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பையன் எப்ப வெளிய போனான்னு யாரும் பார்க்கல. கோயில் வேலிக்குப் பக்கத்துல ஒரு சாகா மரம், அடியில நிறைய கெடக்கும், ஒரு கைப்பிடி பொறுக்கிட்டு வந்து பாட்டி மடியில கொட்டினான். பாட்டி கண்ணுகிட்ட கொண்டு போய் ஒவ்வொன்னாப் பார்த்து, பொட்டையும் சூம்பினதயும் ஒதுக்கி, உருண்டையா ஒன்ன எடுத்து டின்னுல போட்டு மூடினாங்க.

கெடாப் பொண்ணு பட்டியல் அட்டைய வெளிய எடுத்தா, எண்ணிக்கைய அடிக்கல, கீழ ஒரு வரி சேர்த்தா. 84 மஞ்சாடி, 83 பழசு, 1 புதுசு. பக்கத்துல அன்னிக்குத் தேதியும், பொறுக்கிக் கொடுத்தவன் இடத்துல அந்தப் பையனோட பேரும்.